கேட்டால் மட்டும் அமுக்கவும்

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்க."

"காசு, வேலைன்னு யாராவது ஆசை காட்டினாங்களா?"

"இல்லீங்க."

"கல்யாணத்துக்காகவா?"

வந்தவர் இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "ஆமாங்க" என்றார். "ஆனா பொண்ணு புதுசு இல்லை. என் பொண்டாட்டிதான்."

பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத் கையிலிருந்த மணிமாலையை மேஜைமேல் வைத்தார். இஸ்லாத்துக்கு வர விரும்புகிறவர்களிடம் பேசுவதற்கென்றே பள்ளிவாசலின் பின்பக்கம் இருக்கிற அறை அது. ஒரு மேஜை, சில நாற்காலிகள், குறுக்கே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். அங்கே பேசுகிறவர் ஹஸ்ரத்தின் அக்கா, எல்லாருக்கும் டீச்சரம்மா. வருகிறவர் யாரானாலும் முதலில் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுவது ஹஸ்ரத்தின் வழக்கம். காதலித்த பெண்ணைக் கட்டுவதற்காக வருகிற பையன்களை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆள் வருவதற்கு முன்னால் செண்ட் வாசனை வந்துவிடும். தலை நரைத்து, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியோடு, கட்டின மனைவியையே கட்டுவதற்கு ஒருவர் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"நீங்க காதுக்காரர் இல்லை?"

"ஆமாங்க. ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுக்கறவன்."

"அப்ப உங்க வீட்டம்மா எங்க அக்காகிட்ட வந்தவங்க."

"அவளேதான். பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இவ துணைக்கு இருந்தா. அந்தம்மா கட்டில்லயே உக்காந்து தொழுவாங்களாம். பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அப்புறம் இங்க வந்து, இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கலிமா சொன்னா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டா. போட்டுட்டு, அடுத்த ரூம்ல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டா."

ஹஸ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "இதுல பெரியவங்களுக்குள்ளயே பேச்சு உண்டு சார். பொண்டாட்டி மட்டும் இஸ்லாத்துக்கு வந்துட்டா, ஒண்ணா இருக்கலாம்னு சொன்னவங்களும் இருக்காங்க. கூடாதுன்னு சொன்னவங்கதான் அதிகம். உங்க வீட்டம்மா அந்த அதிகத்தை எடுத்துக்கிட்டாங்க."

"அவ எதுலயும் பாதிக் கிணறு தாண்டறவ இல்லீங்க. போன வாரம் அடுப்படியில போய் நின்னேன். சட்டுன்னு தலையில துணியை இழுத்து விட்டுக்கிட்டா. யாரோ வெளியாள் வந்துட்டாங்கன்னு நான் திரும்பிப் பாத்தேன்."

"ம்."

"ஒருத்தரும் இல்லை. நான்தான் நிக்கறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"சரி" என்றார் ஹஸ்ரத். "வந்தவரை நிறுத்தி வைக்கறது எனக்குப் பாவம். ஆண்டவன் ஒருத்தன்தான், முஹம்மது நபி அவனோட தூதர்னு நான் சாட்சி சொல்றேன். இவ்வளவுதான் கலிமா. நான் அரபியில சொல்லச் சொல்ல, திருப்பிச் சொல்லிட்டாப் போதும். சொல்லலாமா?"

"சாட்சி சொல்றேன்னா?"

"ஆமா. சாட்சி."

"அங்கதாங்க இடிக்குது. எனக்குக் கேக்கலை."

"என்ன கேக்கலை? கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க, எனக்கு இடது காது மந்தம்."

காதுக்காரர் நாற்காலியை வலது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "எங்க டெஸ்ட் ரூம் கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். வெளிச் சத்தம் உள்ள போகாது. உள்ள ஆளை உக்கார வச்சு, ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் கொடுப்பேன். சத்தம் எவ்வளவு லேசாக் கேட்டாலும் அமுக்குங்க, கேட்டா மட்டும் அமுக்குங்கன்னு சொல்லுவேன். நாள் முழுக்க என் வாயில அதுதான். சில பேர் கேக்காமலே அமுக்குவாங்க. செவிடுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். டெஸ்ட்ல பாஸாகிடணும்னு ஆசை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கற எனக்குத் தெரிஞ்சு போகும். நான் சத்தமே அனுப்பியிருக்க மாட்டேன்."

"அதுக்கும் இதுக்கும்?"

"என் பொண்டாட்டிக்குக் கேட்டிருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அவ அதே ரூம்ல எனக்கு உதவியா இருந்தவ. பயந்த நோயாளியை உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கறது அவதான். கேக்காததைக் கேட்டுச்சுன்னு சொல்ற ஜாதி இல்லை அவ. எனக்குக் கேக்கலை. கேக்கறதுக்கு என்ன செய்யணும்னு கேக்கத்தான் வந்தேன்."

ஹஸ்ரத் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. "சார், நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். மழைக்கு ஒதுங்கினவன்கூட, சொல்லுங்க சொல்லிடறேன்னு நிப்பான். நான்தான் கேள்வி கேட்டு நிறுத்துவேன். நான் வாங்கன்னு கூப்பிட்டும், தன்னைத்தானே நிறுத்திக்கிட்டவர் நீங்கதான்."

*

அதற்கப்புறம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்த அறைக்குப் போவது காதுக்காரருக்குப் பழக்கமாகிவிட்டது. ஹஸ்ரத் கொடுத்த புத்தகங்களைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். கைகால் கழுவுகிற முறை, நிற்கிற முறை, குனிகிற முறை எல்லாம் கற்றுக்கொண்டார். உச்சரிப்பில் தப்பே வராது. சத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அது பெரிய காரியமில்லை. பொறந்ததுலேருந்து ஓதறவங்களே உங்ககிட்ட வந்து திருத்திக்கணும் போல, என்றார் ஹஸ்ரத்.

"படிச்சதுல ஏதாவது ஒத்துக்க முடியாதது இருக்கா?"

"இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"மெஷின் சரியா இருக்கு. ஹெட்போன் சரியா மாட்டியிருக்கு. உள்ள ஒண்ணும் வரலை."

"நாக்கு சொல்றதுதான் சார் எங்க கணக்கு. நெஞ்சைத் திறந்து பாக்கற வேலையை ஆண்டவன் எனக்குக் கொடுக்கலை. கொடுத்திருந்தா நான் ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்."

"நான் பொய்யாச் சொன்னா?"

"அது உங்களுக்கும் அவனுக்கும். எனக்கு நீங்க சகோதரர்."

"என் பொண்டாட்டிக்கு?"

ஹஸ்ரத் மணிமாலையைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை, வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். "டீ குடிக்கறீங்களா?" என்றார்.

வீட்டில் பேச்சு இப்போது கதவு வழியாகத்தான். அவள் கதவைச் சாத்துவதில்லை, திரை போட்டிருந்தாள். இந்தப் பக்கம் தரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இவர் பேசுவார். அந்தப் பக்கம் தைத்துக்கொண்டே அவள் பேசுவாள்.

"இன்னைக்கு என்ன சொன்னார் ஹஸ்ரத்?"

"டீ குடுத்தார்."

"அது தினமும் குடுக்கறதுதானே."

"ஏம்மா, உனக்கு எப்படிக் கேட்டுச்சு? அதையாவது சொல்லேன்."

தையல் நின்றது. "சொன்னா உங்களுக்கு விளங்காதுங்க. அந்தம்மா நெத்தி தரையில பட ஸஜ்தா செய்ய முடியாம தலையை மட்டும் குனிஞ்சாங்க. ஊசி குத்தின கை வீங்கியிருக்கு. குனிஞ்சு நிமிந்தப்ப அவங்க மூஞ்சியைப் பாத்தேன். அவ்வளவுதான். அங்க யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"நானும் அந்தம்மா மூஞ்சியைப் பாத்திருந்தா?"

"நீங்களும்தான் ஒரு நாள் சாப்பாடு கொண்டாந்தீங்க. பக்கத்துலதான் நின்னீங்க."

அது நிஜம். அவர் நின்றிருந்தார். டிபன் கேரியரின் மூடி சரியாக மூடாமல் குழம்பு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகச் சொல்லிடாதீங்க" என்றாள் அவள்.

"உனக்காக இல்லாம வேற யாருக்காகச் சொல்ல?"

"அதான். அதனாலதான் வேணாங்கறேன். நான் தினம் கேக்கறேன், உங்களுக்குக் கேக்கணும்னு. எனக்குக் கொடுத்ததை உங்களுக்கும் கொடுன்னு. மார்க்கெட்ல வாங்கற எல்லாத்துலயும் உங்களுக்கும் சேத்து வாங்கியே பழகிட்டேன் பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். திரைக்கு இரண்டு பக்கமும்.

*

ஹஸ்ரத்தின் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று காதுக்காரர் வற்புறுத்தி, ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹஸ்ரத் கண்ணாடிக் கூண்டுக்குள் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். வலது காது பரவாயில்லை. இடது காதுக்கு வந்தபோது பட்டனை அமுக்கினார். விட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

காதுக்காரர் கதவைத் திறந்தார்.

"ஹஸ்ரத், நான் ஒண்ணுமே அனுப்பலை."

"அப்படியா?"

"நீங்களா அமுக்கிட்டிருக்கீங்க."

ஹஸ்ரத்துக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "சத்தியமா பொய் சொல்லலை சார். கேட்ட மாதிரியே இருந்துச்சு."

"அந்த மாதிரிதான் எனக்கு வர மாட்டேங்குது."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஹஸ்ரத் ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எல்லாருக்கும் பளிச்சுன்னு கேட்டுடாது. என்னோட வயசுக்கு, நானே சில நாள் வெறும் பழக்கத்துல குனிஞ்சு நிமிந்துட்டு வர்றேன். அன்னைக்கு ஒண்ணும் கேக்கறதில்லை. அதுக்காக நின்னுட்டேனா? செஞ்சுக்கிட்டே இருந்தா ஒரு நாள் வரும். நீங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, உள்ள சத்தம் வரட்டும்ங்கறீங்க. உள்ள வந்துட்டுக் கேளுங்களேன்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் காதுக்காரர் அதைத் தனக்கு வேண்டிய விதத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார். ஏனென்றால் அந்த வாரம்தான் அவள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வேறொன்று சொல்லியிருந்தாள்.

"மகளுக்கு மாசம் நெருங்கிடுச்சு. நான் அங்க போயிடறேங்க."

"போயிட்டு வா. இதுக்கு என்ன?"

"போயிட்டு வர்றதுக்கு இல்லை. போயிடறேன். இப்படி ஒரே வீட்ல ரெண்டு பேரும் தனியா இருக்கறது சரியில்லைன்னு டீச்சரம்மாவும் சொல்றாங்க. எனக்கும் முடியலை. நீங்க குளிச்சிட்டு வர்ற சத்தம் கேட்டா, துண்டு எடுத்துக் கொடுக்கக் கை போகுது. கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கு."

"திரும்பி எப்ப வருவே?"

"உங்களுக்கு நிஜமாக் கேக்கறப்ப."

மகள் போனில் வேறு மாதிரி பேசினாள். "அப்பா, அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு நிம்மதியா இருங்களேன். கல்யாணத்துல ஐயர் சொன்னதெல்லாம் புரிஞ்சா சொன்னீங்க?"

*

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின், காதுக்காரர் கலிமா சொல்வதை அந்த அறையில் வைத்துக்கொண்டார்கள். ஹஸ்ரத் புதுச் சட்டை போட்டிருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர்: தையல்காரர், மருந்துக்கடைக்காரர். திரைக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மாவும் அவளும்.

"கேட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டார் ஹஸ்ரத். அது அவருடைய வழக்கமான கேள்வி இல்லை. இந்த ஒருவருக்காக வைத்திருந்த கேள்வி.

"கேட்டுச்சு ஹஸ்ரத்" என்றார் காதுக்காரர்.

ஹஸ்ரத் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். சீராக, ஒரே அளவாக, ஓர் எழுத்தும் பிசகாமல். மறுபடி நம் பாஷையிலும் சொன்னார். ஹஸ்ரத் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பாய்" என்றார். "இனிமே சார் கிடையாது." தையல்காரர் ஒரு பக்கம், மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கம் கட்டிப்பிடித்தார்கள். காதுக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இனி தாமதிக்க வேணாம். எந்தச் சந்தேகமும் இல்லாம, கையோட புதுசா ஒரு நிக்காஹ் செஞ்சிடலாம்" என்றார் ஹஸ்ரத். மணப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹருக்குக் காதுக்காரர் தன் மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கழற்றச் சோப்பு போட வேண்டியிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மாவின் குரல்: "இன்னாரைக் கணவரா ஏத்துக்கச் சம்மதமாம்மா?"

பதில் இல்லை.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் வெக்கம் வருதா?" என்றார் தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அம்மா, சம்மதமா?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து ஹஸ்ரத்தின் வலது காதில், "பேசாம இருந்தா சம்மதம்னுதானே எடுத்துக்கறது?" என்றார்.

"அது கன்னிப் பொண்ணுக்கு. வாழ்ந்தவங்க வாயால சொல்லணும்" என்றார் ஹஸ்ரத். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. காதுக்காரரைப் பார்த்தார். காதுக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை டீச்சரம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஏதோ குசுகுசுவென்று கேட்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு டீச்சரம்மா திரையை விலக்காமலே சொன்னார்.

"இன்னைக்கு வேணாங்கறாங்க தம்பி."

மோதிரத்தை மறுபடி போட்டுக்கொள்ளக் காதுக்காரருக்குத் தோன்றவில்லை. தையல்காரர்தான் எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

*

இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் வீட்டுக்கு நடந்தார்கள். நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடைவெளி விட்டு.

"நான் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. நல்லா சொன்னீங்க."

"அப்புறம் என்ன?"

"ரொம்ப நல்லா சொன்னீங்க."

அவர் நின்றார். அவளும் நின்றாள். மூடின கடை ஒன்றின் வாசல்.

"எத்தனை வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்" என்றாள். "நிஜமாக் கேக்கறவங்க அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி திகைப்பாங்க. கேட்டுச்சா, இல்லையான்னு. கண்ணு இப்படிப் போய் வரும். அப்புறம்தான் விரல் அசையும். கேக்காதவங்க திகைக்க மாட்டாங்க. தாளம் போட்ட மாதிரி, டக்கு டக்குன்னு அமுக்கிட்டுப் போவாங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

"ஹஸ்ரத் ஏத்துக்கிட்டார்."

"அவர் ஏத்துக்கணும். அதுதான் முறை. உங்களை முஸ்லிம் இல்லைன்னு சொல்ல எனக்கும் வாய் கிடையாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அப்ப வாயேன்."

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்துட்டேனே."

"உனக்காகத்தான்மா சொன்னேன்."

"தெரியும். அதுதான் தாங்கலை. கல்யாணமானதுலேருந்து என்கிட்ட நீங்க பொய் சொன்னதில்லை. புடவை நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்லியிருக்கீங்க. சொல்லி என்கிட்ட வாங்கியும் கட்டிக்கிட்டிருக்கீங்க. அப்படிப்பட்ட ஆளைப் போய், ஆண்டவன் பேரை வச்சுப் பொய் சொல்ல வச்சிட்டேன்."

"திருப்பி வாங்கிக்கறேன்."

"எப்படி? ஹஸ்ரத்கிட்ட போய், எனக்குக் கேக்கலைன்னு சொல்லுவீங்களா?"

அவர் யோசித்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிப்பிடித்த ஆள் நினைவுக்கு வந்தார். "அவர் உடைஞ்சு போயிடுவார்."

"பாருங்க. இன்னும் ஒருத்தருக்காகவும் அமுக்க ஆரம்பிச்சிட்டீங்க."

நேற்றுவரை அவள் காத்திருந்தாள். ஒரு நாள் கேட்டுவிட்டது என்று அவர் வந்து சொன்னால் நம்பியிருப்பாள். இனி நிஜமாகவே கேட்டாலும் அவரால் அதை அவளிடம் எப்படிச் சொல்ல முடியும்? அந்த வார்த்தையைத்தான் இன்றைக்குச் செலவழித்துவிட்டாரே. அது அவருக்கு அந்தக் கடை வாசலிலேயே புரிந்துவிட்டது. அவளுக்குத் திரைக்குப் பின்னாலேயே புரிந்திருந்தது.

"சாப்பிடறதுக்கு வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். "ஆறிடும். வாங்க."

*

அவள் கிளம்பின அன்று பெட்டியை அவர்தான் வாசல்வரை தூக்கி வந்தார். டிரைவர் அதை வாங்கி வண்டியில் வைத்தார்.

"வேளா வேளைக்குச் சாப்பிடுங்க."

"ம்."

"தொழப் போவீங்களா?"

"போகலைன்னா வீட்டுக்கே வந்து கேப்பாங்க. போவேன்."

"நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள். அவரிடமா, மேலே இருப்பவனிடமா என்று சொல்லவில்லை. தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக ஒரு தடவை அவர் சட்டைக் காலரைப் பார்த்தாள். மடிந்திருந்தது. கை கொஞ்சம் எழுந்தது. மடியிலேயே இருந்த இன்னொரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை வரிசையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். எல்லாரும் குனிந்தபோது குனிந்தார், நிமிர்ந்தபோது நிமிர்ந்தார். நெற்றி தரையில் பட்டபோது, கூண்டுக்குள் இருக்கிறவரைப் போலக் கூர்ந்து காத்திருந்தார். கோரைப்பாய் வாசனை வந்தது. பக்கத்தில் இருந்தவரின் முழங்கால் சொடுக்கியது. அவ்வளவுதான்.

முடிந்ததும் ஹஸ்ரத் வரிசை ஓரமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வந்து உட்கார்ந்தது மந்தமான இடது காதை அவர் பக்கம் காட்டி.

"வீட்டம்மா எப்படி இருக்காங்க பாய்? மனசு ஏதாவது மாறிச்சா?"

"போயிட்டா ஹஸ்ரத்" என்றார் காதுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன?"

ஹஸ்ரத் கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டு, முகத்தில் நல்ல செய்திக்குத் தயாரான சிரிப்போடு, அவர் பக்கம் சாய்ந்தார். மற்றவர்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை, அந்தக் காதுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது.

"போயிட்டா."

செருப்பு தேடினவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.